முப்பத்தொன்றாவது மூச்சு

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குக் கிரிசாந்தா ஒரு செம்பு இஞ்சி வெந்நீரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். பூட்டைத் திறந்ததும் சன்னல் பலகைகளைத் தூக்கிக் கம்பால் முட்டுக் கொடுப்பார். கரும்பலகையை ஈரத் துணியால் மூன்று முறை துடைப்பார். அதன்பின் முக்காலிகளை எடுத்து, வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசை போடுவார். முப்பத்தொன்றாவது முக்காலி மட்டும் மூலையில் கால்கள் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடக்கும். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, வாசலருகே தமக்குரிய முதல் முக்காலியில் அமர்ந்து இஞ்சி நீரைக் குடிப்பார். பதினெட்டு ஆண்டுகளில் இந்த ஒழுங்கு ஒருநாளும் தவறியதில்லை.

எங்கள் ஊர் சம்புலாய், விசாயத் தீவுகளில் ஒன்றின் உள்மலையில் இருக்கிறது. வார நாள்களில் கீழ்நாட்டார் பேசுவதையே நாங்களும் பேசுவோம். ஞாயிறு மட்டும் இனிலாய். அபோ லாயிங் என்ற எங்கள் மூதாதை அந்த மொழியை உண்டாக்கினார். உண்டாக்கினார் என்று சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. அவர் மலையில் உள்ள ஒவ்வொன்றிடமும் போய் ஓர் ஒலியை இரந்து வாங்கினாராம். உரல் ஒன்று கொடுத்தது. வாழையிலையில் விழும் மழை ஒன்று கொடுத்தது. கூரைப் பல்லி தன் கத்தலில் பாதியைக் கொடுத்தது. கடைசியாக, உள்ளங்கையில் அடங்கும் பெருவிழித் தேவாங்கு வந்து, தன்னிடம் குரலே இல்லை என்று அழுததாம். "உண்மையைச் சொல்லத் தொடங்குமுன் எந்த உயிரும் ஒரு மூச்சை உள்ளே இழுக்குமே, அதைக் கொடு" என்றாராம் அபோ. அதுதான் முப்பத்தொன்றாவது எழுத்து. மற்ற முப்பதும் மூச்சை வெளியே விட்டுச் சொல்பவை. இது ஒன்றுதான் உள்ளே இழுத்துச் சொல்வது. சத்தியம் செய்யும் ஒவ்வொரு சொற்றொடரும் இந்த எழுத்தில் முடிய வேண்டும், முடியாதது வெறும் பேச்சு என்பது விதி.

விதிகள் எல்லாம் ஒரே ஏட்டில் இருக்கின்றன. எழுதியதை விழுங்காதே, எழுதாததை ஒலிக்காதே என்று தொடங்குகிறது அது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஊரில் ஒரு காவலர் உண்டு. ஞாயிறு ஓதலில் தம் எழுத்து வரும்போது அவர் எழுந்து ஒலிக்க வேண்டும். மற்றொருவர் அதற்கு வாய் வைக்கக் கூடாது. காவலர் இறந்தால் ஓராண்டு அந்த எழுத்துக்கு மௌனம். முறை வரும்போது ஒரு மூச்சு நேரம் அனைவரும் அசையாமல் இருந்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவோம். ஆண்டு முடிந்த பிறகே புதுக் காவலரை அமர்த்துவோம். எங்களுடன் அமர்ந்து சோறு உண்ணாத வெளியாருக்கு இனிலாயில் வாய் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த ஏட்டில் இருக்கிறது.

கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் சவரக் கத்தியால் அறுத்த தழும்பு இருக்கிறது.

முப்பத்தொன்றின் காவல் பெர்த்தாவிடம் இருந்தது. மலையோரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவள். ஒரு மழைக்காலத்தில் கீழ்நாட்டு வானொலிக்காரன் ஒருவன் ஒலிப்பதிவுப் பெட்டியோடு ஓடைக்கரைக்கு வந்து போனான். பத்தாம் நாள் எங்கள் எழுத்துகள் முப்பத்தொன்றும் வானொலியில் ஒலித்தன. இடையிடையே சிரிப்பொலி சேர்த்திருந்தார்கள். பெட்டியின் கரகரப்பில் யார் குரல் என்று தெரியவில்லை. ஆனால் கடைசியில் அந்த உள்மூச்சு கேட்டது. அதை அவ்வளவு சுத்தமாக இழுக்கக்கூடியவள் ஊரில் ஒருத்திதான் என்று எல்லோரும் நினைத்தோம். பெர்த்தா தன் எழுத்தாலேயே, அது தன் குரல் இல்லை என்று சத்தியம் செய்தாள். பொய்ச் சத்தியத்துக்குத் துணைபோன எழுத்து இனி நமக்கு வேண்டாம் என்று ஊர்த்தலைவர் கவுதென்சியோ எங்கள் கண்முன்னே பக்கத்தை அறுத்தார்.

அவள் அழவில்லை. வாசலில் நின்று திரும்பி, தலைவரை அண்ணன் முறை சொல்லியே கேட்டாள்.

"தாளத்தான வெட்டுன, மனோங்? மூச்சையா வெட்டுன?"

மூன்றாண்டுகள் முகட்டுக் குடிசையில் தனியாக இருந்தாள். ஊர் அவளோடு பேசவில்லை. இறந்ததைக் கண்டவர் தச்சர் கார்ப்போ. சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாளாம். வாய் சற்றே திறந்திருந்ததாம். நெஞ்சு உயர்ந்தபடியே நின்றிருந்ததாம், ஒரு மூச்சை இழுத்துவிட்டு வெளியே விட மறந்தவளைப் போல. ஏட்டில் இல்லாத எழுத்துக்கு மௌனம் கிடையாது என்றார் கவுதென்சியோ. அடுத்த ஞாயிறு முப்பதோடு ஓதலை முடித்துக்கொண்டு, நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்னப் போனோம்.

அவள் இறந்து பதினைந்து ஆண்டுகளான பின்பு, மலையைச் சுண்ணாம்புக் கல் வெட்டக் கேட்டு ஒரு நிறுவனம் வந்தது. ஓடையைக் கடந்து எங்கள் வயல் வரப்பு வரைக்கும் சிவப்பு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரு வழிதான் இருந்தது. தனி மொழியும் தனி முறையும் உள்ள மக்கள் என்று மெய்ப்பித்தால் மலை எங்கள் பெயருக்குப் பதிவாகும். ஐந்து வாரத்தில் அதிகாரிகள் வந்து ஓதலைக் கேட்பதாகக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த மறு ஞாயிறு தொடங்கியது அது.

நல்ல வெயில். சன்னல் வழியே விழுந்த ஒளிக்கற்றையில் சுண்ணக்கட்டித் தூள் மிதந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது எழுத்துகள் முடிந்தன. முப்பதாவது எழுத்தின் காவலர் கார்ப்போ எழுந்து, நாக்கை மேலே ஒட்டி, வாய் திறந்தார்.

ஒலி வரவில்லை.

ஈரக் கரியின் வாடை எழுந்தது. ஒளியில் மிதந்த தூள் முழுவதும், யாரோ நூல் கட்டி இழுத்தாற்போல, மூலையை நோக்கி ஒரு சாண் நகர்ந்து நின்றது. காற்று அசையவில்லை. வாசல் வாழையின் ஓர் இலைகூட ஆடவில்லை.

கார்ப்போ முதலில் சிரித்தார். இரவு குடித்த கள் தொண்டையைக் கட்டிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் கேலி செய்தார். வீட்டுக்குப் போய் மனைவி லூமிங்கைக் கூப்பிட்டபோது, அவர் வாயிலிருந்து 'ஊமிங்' என்றுதான் வந்தது. எத்தனை முறை முயன்றும் அவள் பெயரின் முதல் ஒலி வாயில் இல்லை. மாலையில், தாம் அக்கா முறை வைத்து அழைக்கும் கிரிசாந்தாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாயத் தொறந்தா காத்துதான், மனாங். யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி இருக்கு."

கிரிசாந்தா அவருக்கு இஞ்சி நீர் கொடுத்து அனுப்பினார். பயமுறுத்தினால் பயப்படுகிற ஊர் இதுவல்ல என்று எங்களிடம் சொன்னார். ஓதலை நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்டபோது, முன்னிலும் உரக்க ஓதுவோம் என்றார்.

உரக்கத்தான் ஓதினோம். இரண்டாம் ஞாயிறு மருத்துவச்சி திவினாவின் எழுத்து போயிற்று. அன்று முதல் அவளால் 'மரியே' என்று ஜெபம் தொடங்க முடியவில்லை. "அந்தத் தாயோட பேரே வரல," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபமாலையைச் சுருட்டி வைத்தாள். மூன்றாம் ஞாயிறு இருபத்தெட்டாவது எழுத்து. நான்காம் ஞாயிறு இருபத்தேழு. ஒவ்வொரு முறையும் அதே வாடை வந்தது. தூளும் அதேபோல் ஒரு சாண் நகர்ந்தது. பின்னிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது அது. முதல் எழுத்து கிரிசாந்தாவுடையது.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை நண்பகலில் கவுதென்சியோ கூட்டம் போட்டார். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையாதவர். அவர் சொன்ன யோசனை எளிமையானது. காவலர் இறந்தால் மௌனம் என்பது நம் விதிதானே? ஒலி இழந்த நால்வரும் நாளை வீட்டுக்குள் இருக்கட்டும். அந்த நான்கு இடங்களிலும் மௌனம் காப்போம். நால்வரும் இவ்வாண்டு இறந்துவிட்டார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிடலாம். மலை நிற்கும்.

கார்ப்போ மெதுவாகக் கேட்டார்.

"உயிரோட உக்காந்திருக்கேனே, மனோங். என்னக் கொன்னுதான் இந்த மண்ணக் காப்பாத்தணுமா?"

சிலர் சிரித்தார்கள்; சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கிரிசாந்தா எழுந்தார். உயிரோடிருக்கும் நால்வருக்கு மௌனம் காக்கத் துணிந்த ஊர், இறந்துபோன ஒருத்திக்கு ஏன் காக்கவில்லை என்று கேட்டார். அப்படி ஓர் எழுத்து இல்லை, ஆகவே அப்படி ஓர் இறப்பும் இல்லை என்றார் கவுதென்சியோ. கிரிசாந்தா வெளியேறி முகட்டுப் பாதையில் ஏறினார்.

அங்கே நடந்ததைப் பின்னாளில் அவரே எங்களுக்குச் சொன்னார்.

வெயில் எரித்துக்கொண்டிருந்தது. குடிசையின் கூரை பாதி இறங்கியிருந்தது. பறவை ஒலியோ பூச்சி ஒலியோ இல்லை. உள்ளே மூங்கில் சுவர்கள் கறுத்திருந்தன. அடுப்புப் புகை என்று நினைத்து நெருங்கிப் பார்த்தார். எழுத்து. முப்பத்தொன்றாவது எழுத்து, கரித்துண்டால், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு வரிசைக்கு ஐம்பத்திரண்டு. ஞாயிறுதோறும் ஒன்று என்பது அவருக்கு உடனே விளங்கியது. தன்னைத் தள்ளிவைத்த ஊர் கீழே ஓதிக்கொண்டிருந்தபோதெல்லாம், அவள் தன் முறையை இங்கே ஓதி முடித்திருக்கிறாள்.

மூன்றாண்டு வாழ்ந்தவளுக்கு மூன்று வரிசை போதும்.

சுவரில் பதினெட்டு வரிசைகள் இருந்தன.

கடைசி வரிசையின் கடைசி எழுத்தில் விரலை வைத்தார். விரல் கறுத்தது. கரி ஈரமாக இருந்தது.

ஓடத்தான் கால்கள் துடித்தன. ஆனால் அவர் சம்மணமிட்டு அமர்ந்தார். வெற்றுச் சுவரைப் பார்த்துச் சண்டைக்கு நிற்பவரைப் போலப் பேசினார்.

"எம்மேலதான கோவம்? என்ன எடு. இந்தா, தொண்டைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கார்ப்போ உனக்குச் சவப்பெட்டி செஞ்சவன். அவன்கிட்ட ஏன் எடுக்குற?"



பிறகு, வலக் காதின் ஓரத்தில், முடியிழை அசையும் அளவுக்கு, ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது.

அவர் காத்திருந்தார். அது வெளியே விடப்படவில்லை.

"சரி," என்றார் கிரிசாந்தா. "சொல்லிடுறேன். ஆனா உனக்குப் பயந்து சொல்றதா நெனச்சுக்காத."

ஞாயிறு காலை அதிகாரி திருமதி வில்லாரினும், ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் எழுத்தரும் வந்தார்கள். முதலில் முற்றத்தில் அவர்களை அமர்த்தி, தென்னங்குருத்தில் கட்டி வேகவைத்த சோறும் கருவாடும் பரிமாறினோம். உண்டு கை கழுவிய பின் அவர்கள் வெளியார் அல்ல. அந்த அம்மையார் கண்டிப்பும் கனிவும் கலந்தவர். ஏட்டைப் புரட்டிவிட்டு, இது ஒரே ஆள் கட்டிய விளையாட்டு மொழி என்று கீழே சொல்கிறார்களே என்று நேரடியாகவே கேட்டார்.

"ஒருத்தர் உண்டாக்கினதுதான், மேடம்," என்றார் கிரிசாந்தா. "நீங்க ஏறி வந்த படிவயலும் உண்டாக்கினதுதான். மலை தானாவா படி வெட்டிக்கும்?"

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

நான்கு முக்காலிகள் காலியாக இருந்தன. கவுதென்சியோ தொண்டையைச் செருமி, அந்த நான்கு எழுத்துகளின் காவலர்களும் இவ்வாண்டு இறந்துவிட்டார்கள் என்று சொல்லி முடிக்கவும், வாசலில் நிழல் விழுந்தது.

"செத்தவங்க வந்திருக்கோம், வழி விடுங்க," என்றார் கார்ப்போ.

நால்வரும் வந்து தங்கள் இடங்களில் அமர்ந்தார்கள். கிரிசாந்தா விடியற்காலையிலேயே அவர்கள் வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறார். எழுத்தர் கருவியை நிறுத்தப் போனார். அம்மையார் கையால் தடுத்தார். கவுதென்சியோவின் முகம் சாம்பலாகிவிட்டது. ஒரே பொய்யில் மலை கையைவிட்டுப் போகிறது என்பது எங்கள் அனைவருக்கும் தெரிந்தது.

கிரிசாந்தா முதல் எழுத்தை ஓதவில்லை. நடந்துபோய் மூலையில் கவிழ்ந்து கிடந்த முக்காலியை நிமிர்த்தினார். பதினெட்டு ஆண்டு கவிழ்ந்து கிடந்த அதன் இருக்கையில் தூசி இல்லை. அதைத் தூக்கி வந்து மூன்றாம் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து நின்றார். இனிலாயில் பேசினார்.

"பதினெட்டு வருசத்துக்கு முன்னால ஓடைக்கரையில வாய் குடுத்தது நான். பெர்த்தா இல்ல. முப்பத்தோரு எழுத்தையும் நானே சொன்னேன், அவளோடதையும் சேத்து. யாரும் ஆசை காட்டல. அவள மாதிரி என்னாலயும் முடியும்னு காட்டணும்னு சொன்னேன். அவ சத்தியம் பண்ணப்ப நான் இதே முக்காலியில உக்காந்திருந்தேன். வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"கிரிசா, நிறுத்து," என்றார் கவுதென்சியோ. "இல்லாத எழுத்தால சத்தியம் முடியாது."

"இருக்கா இல்லயான்னு காது குடுத்துக் கேளுங்க, மனோங்."

அவர் வாயைச் சற்றே திறந்து மூச்சை உள்ளே இழுத்தார்.

ஒலி மெல்லியது. அறை முழுவதும் கேட்டது.

அது முடிந்ததும் இரண்டாவது தொடங்கியது.

முக்காலியின் பக்கமிருந்து வந்தது அது. ஈரக் கரியின் வாடை தொண்டையை அடைத்தது. ஒளிக்கற்றையில் இருந்த தூள் முழுவதும், ஓதலுக்காகக் கரும்பலகையில் எழுதியிருந்த எழுத்துகளின் வெண்மைகூட, இழை இழையாகக் கிளம்பி அந்த முக்காலியை நோக்கி ஓடியது. என் மார்பில் இருந்த காற்றையும் யாரோ மெல்ல இழுப்பதை உணர்ந்தேன். அருகில் இருந்தவர்கள் எல்லோரும் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றது.

கரும்பலகை துடைத்துவிட்டாற்போல் கறுப்பாக இருந்தது.

"லூமிங்," என்றார் கார்ப்போ, மிக மெதுவாக. பிறகு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். கடைசி வரிசையில் திவினா முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கிரிசாந்தா வாசலருகே திரும்பி வந்து, முதல் எழுத்தை ஒலித்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்தோம். முப்பதும் ஒரு குறையின்றி ஓதி முடிந்தன. முப்பத்தொன்று வந்தபோது, பதினைந்து ஆண்டு தாமதமாக, ஊர் முழுவதும் அசையாமல் இருந்தது. அந்த மௌனம் யாருக்கு என்று அம்மையார் தணிந்த குரலில் கேட்டார். நாங்கள் அநியாயம் செய்த ஒருத்திக்கு என்றார் கிரிசாந்தா. தலைவர் சொன்ன பொய்யையும் தாமே எடுத்துச் சொல்லி, அம்மையாரின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அம்மையார் வெகுநேரம் எழுதினார்.

நான்கு மாதம் கழித்துப் பத்திரம் வந்தது. சிவப்பு முளைக்குச்சிகளைப் பிடுங்கி அடுப்பெரித்தோம். செத்தவர்கள் ஒலிக்க வேண்டிய இடத்தை உயிருள்ளவர் நிரப்பாமல் விட்டுவைக்கும் மொழியை விளையாட்டு என்று கருத இயலாது என்று அந்த அம்மையார் எழுதியிருந்ததாகக் கேள்விப்பட்டோம்.

ஓதல் நடந்த மறுநாளே கவுதென்சியோ தம் ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினார். அறுத்த பக்கம். எரிக்கக் கை வரவில்லை என்று மட்டும் சொன்னார். கிரிசாந்தா அபாக்கா வாழை நார் கோத்த ஊசியால் அதை ஏட்டோடு தைத்தார். பிறகு, மற்றவள் எழுத்துக்கு வாய் வைத்தவளுக்குத் தன் எழுத்து எதற்கு என்று முதல் எழுத்தின் காவலை ஊரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இஞ்சி வெந்நீரோடு வருகிறார். முப்பத்தொரு முக்காலிகளையும் போடுகிறார். கடைசி முக்காலியைத் தம் பாவாடை விளிம்பால் துடைத்துவிட்டு, அதன் அருகே வெறுந்தரையில் அமர்கிறார். முப்பது எழுத்துகள் முடிந்து மௌனம் வரும்போது, ஒளியில் மிதக்கும் தூள் முழுவதும் அந்த முக்காலியை நோக்கி ஒரு சாண் நகர்ந்து நிற்கிறது. உள்ளே போன அந்த மூச்சு திரும்பி வெளியே வந்ததை எங்களில் ஒருவரும் இதுவரை பார்க்கவில்லை.

கிரிசாந்தா மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் தலையைச் சாய்த்துச் சொல்கிறார்.

"மெதுவா விடு, பெர்த்தா. நான் எங்கயும் போகல."

நாங்கள் அனைவரும் அசையாமல் காத்திருக்கிறோம்.